சொல்லி அனுப்புறோம்!

தமிழில் இருப்பதிலேயே நாகரிகமான பொய் எது என்று யாராவது பட்டிமன்றம் வைத்தால், 'இதோ, கிளம்பிட்டேன்' என்பதற்கு இரண்டாம் பரிசுதான் கொடுப்பேன் (இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு செல்போனில் சொல்வது). முதல் பரிசு, சந்தேகமே இல்லாமல், 'சொல்லி அனுப்புறோம்!'

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி இரண்டையும் ஒரு கை பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடியபடி இதைச் சொல்வார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், 'பேச்சிலரா?' என்று கேட்டுவிட்டு ஓனர் சொல்வார். இவர்களையெல்லாம்விட அதிகம் சொல்பவர்கள் என்னைப் போன்ற ஆசாமிகள். ஒரு தனியார் கம்பெனியில் ஆள் எடுக்கிற செக்ஷனில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இன்டர்வியூ முடிந்ததும் பேனா மூடியை 'டக்'கென்று மூடி, தலையை லேசாகச் சாய்த்து, "சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்பேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கேட்டால் கணக்கு இருக்கிறது. எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன மாதம் ஒருத்தர் கேட்டுவிட்டார். அதுவும் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போய், நானே வலிய மாட்டிக்கொண்டேன்.

*

ஆபீஸில் நாங்கள் நாலு பேர் ஒரு செட். ஒருத்தனுக்கு 'டோல்கேட்' என்று பெயர். கார் அவனுடையது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் எவ்வளவு பிடித்தார்கள் என்று குட்டி நோட்டில் எழுதி, ஊர் திரும்பியதும் எங்களிடம் பைசா சுத்தமாக வசூலிப்பான். இன்னொருத்தன் 'பிளாஸ்க்'. வீட்டு டிகாக்ஷனைத் தவிர வேறு காபி இறங்காது. மூன்றாவது, அடியேன். நாலாவது ஆள் 'வாத்தியார்'. அக்கவுன்ட்ஸில் நல்ல சம்பளத்தில் இருந்தவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை ராஜினாமா கடிதத்தை நீட்டினான்.

"எங்கடா? பெங்களூரா, துபாயா?"

"மண்டபம்."

"கல்யாண மண்டபமா?"

"ராமநாதபுரம் ஜில்லா மண்டபம்டா. அங்கே அகதிப் பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரிகள் சாயங்காலப் பள்ளிக்கூடம் நடத்தறாங்க. கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையாம்."

ஆபீஸ் வழக்கப்படி ஆளுக்கு இருநூறு வசூலித்து, ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம். "ஆறே மாசம், திரும்பி வந்துடுவான்" என்று டோல்கேட் பந்தயம் கட்டினான். தோற்றுப்போன பணத்தை இன்னும் தரவில்லை.

'வாங்கடா, வாங்கடா' என்று வாத்தியார் வருஷா வருஷம் கூப்பிடுவான். நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் போடுவேன். காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு பையனை எங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருந்தான். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு. எழுத்துத் தேர்வில் அந்தப் பையன்தான் முதல். ஆனால் விண்ணப்பத்தில் 'நாட்டுரிமை' என்ற கட்டம் காலி. முகவரி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், மண்டபம்'. மேலே அனுப்பினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும், பதில் எழுதினால் இன்னொரு கேள்வி வரும். பதினாலு வருஷ சர்வீஸ் சும்மாவா? ஃபைலை 'நிலுவை' டிரேயில் போட்டேன். பேனா மூடியை டக்.

அதற்கப்புறம் வாத்தியார் போன் பண்ணினால் நான் மீட்டிங்கில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகூட!

*

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். டிக்கி நிறையப் பழைய துணி. 'அகதிகளைப் பார்க்கப் போறோம், வெறுங்கையோடயா?' என்று மூன்று வீட்டு அம்மணிகளும் அலமாரியைக் காலி பண்ணிவிட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் எப்படியும் காலி பண்ண வேண்டியதுதான் என்பது தனி விஷயம்.

பரனூர் டோல்கேட் தாண்டும்போதே ஆபீஸ் புராணம் ஆரம்பித்துவிட்டது. முக்கியமாக, புதிதாக வைத்திருக்கிற கைரேகை மெஷின்.

"ஒன்பது மணி அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா அரை நாள் லீவாம்! நாம என்ன கைதிங்களா?" என்றான் டோல்கேட்.

"டெய்லி வந்துட்டேன் வந்துட்டேன்னு கட்டைவிரலைக் காட்டணும். மானம் போகுது" என்றான் பிளாஸ்க், காபியை உறிஞ்சிக்கொண்டே.

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி வரை இதே பாட்டு. திருச்சியில் டிபன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு என்று ஒரு முகாம் இருக்கிறது. அந்தப் பெயரைப் பேப்பரில் பார்த்த ஞாபகம் வந்தது. நளினி கிருபாகரன் என்ற பெண்மணி அந்த முகாமைச் சேர்ந்தவர். 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். 1987 ஜூலை 1-ம் தேதிக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் பாஸ்போர்ட் கிடைக்காமல், மதுரை ஹைகோர்ட் வரை போய் 2022-ல் உத்தரவு வாங்கினார். 2024 ஏப்ரலில் ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து முதல் ஓட்டு. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. நாமெல்லாம் 'வெயிலா இருக்கு, யார் க்யூவுல நிக்கிறது?' என்று டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அதே நாள்.

புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை என்று வெயிலை விலக்கிக்கொண்டு போய், ராமநாதபுரம் தாண்டியதும் காற்றில் உப்பு வந்துவிட்டது. பனைமரம், உடைமரம், மணல். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் கடல் வாசனை. ரோட்டோரக் கருவாட்டு வாசனையில் பிளாஸ்க் மட்டும் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டான்.

*

வாத்தியார் ரோட்டிலேயே நின்றிருந்தான். லுங்கி, அரைக்கைச் சட்டை, கறுத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்து, "மீட்டிங் முடிஞ்சுதாடா?" என்றான். அவ்வளவுதான். கட்டிக்கொண்டான்.

"முகாமுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாது. கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேணும். பள்ளிக்கூடம் வெளியிலதான், வாங்க" என்று நடத்திக்கொண்டு போனான். போகிற வழியில் சரித்திரப் பாடம். பழக்க தோஷம்.

அந்த இடத்துக்குப் பேரே மண்டபம் கேம்ப். ரயில் நிலையத்துக்கும் அதே பேர்தான். அகதிகள் வந்ததால் வந்த பேர் இல்லை அது. வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஊர்க் கூலித் தொழிலாளிகளை, காலராவும் பிளேக்கும் இருக்கிறதா என்று சோதித்துச் சில நாள் தடுத்து வைத்துக் கப்பலேற்றிய இடம். அப்புறம் 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு. சீட்டுக் கட்டைப் பிரிக்கிற மாதிரி பிரித்து, பங்குக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியபோதும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். 1983 கலவரத்துக்கு அப்புறம் அகதிகள் வந்தபோதும் இதே கேம்ப். அன்றிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். பாதிக்கு மேல் திரும்பிப் போய்விட்டார்கள். 2021 கணக்குப்படி, நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

"இதுல மலைநாட்டுக்காரங்களும் உண்டு. தாத்தா இந்த கேம்ப் வழியாத் தேயிலை பறிக்கப் போனார். பேரன் அகதியா இதே கேம்புக்கு வந்தான். நாம அனுப்பினவங்களே நம்மகிட்டத் திரும்பி வந்திருக்காங்க. நாம 'யாரு நீங்க?'ன்னு கேட்கிறோம்" என்றான் வாத்தியார்.

டோல்கேட் நோட்டை எடுக்கவில்லை. ரொம்ப நேரத்துக்கு அப்புறம் அவன் பேசாமல் வந்தது அப்போதுதான்.

*

ஓடு வேய்ந்த நீள ஹால். கரும்பலகை. மூலையில் நாலு தையல் மெஷின். சுவரில் நாங்கள் வாங்கிக் கொடுத்த கடிகாரம், சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது (எங்கள் ஆபீஸ் கடிகாரம்கூட ஓடவில்லை, ஸார்!).

பொறுப்பில் இருந்த சிஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கையில் சாக்பீஸ். டிக்கியைத் திறந்து காட்டினோம். ஒரு ஜீன்ஸை எடுத்து விரித்தார்.

"சார், இது பேஷனுக்காகக் கிழிஞ்சதா, நெசமாவே கிழிஞ்சதா?"

டோல்கேட் நெளிந்தான். அவனுடையதுதான்.

"தப்பா நினைக்காதீங்க. சுனாமி வந்தப்பவும் மூட்டை மூட்டையா வந்துச்சு. அதுல குளிர் கோட்டு கூட இருந்துச்சு. மண்டபம் வெயிலுக்குக் குளிர் கோட்டு!" என்று சிரித்தார். நல்லதாகப் பதினைந்து துணியைப் பொறுக்கினார். தையல் படிக்கிற பெண்கள் அவற்றை வெட்டிப் பள்ளிக்கூடப் பை தைப்பார்களாம். "மிச்சம், கார் தொடைக்க உங்களுக்கே உதவும்."

பிளாஸ்க்குக்கு ரொம்ப நேரமாக வயிற்றில் ஒரு கேள்வி. கடைசியில் கேட்டேவிட்டான். "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இங்கே மதம் மாத்தறாங்கன்னு சில பேர் சொல்றாங்களே..."

எனக்கு அவனைக் கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. சிஸ்டர் கோபப்படவில்லை. ஹாலைக் காட்டினார். உட்கார்ந்திருந்த நாற்பது பிள்ளைகளில் பாதிக்கு மேல் நெற்றியில் விபூதி.

"இந்தப் பிள்ளைங்களுக்குப் பின்னத்தை தசமமா மாத்தச் சொல்லிக் கொடுக்கிறதுக்குள்ளயே எனக்குப் பாதி உசிர் போயிடுது சார். இதுல மதத்தை எங்கே மாத்தறது?"

வாத்தியார் அப்புறம் விவரமாகச் சொன்னான். அகதிகளுக்கென்றே வேலை செய்கிற கிறிஸ்தவ அமைப்புகளில் இயேசு சபையின் அகதிகள் பணி முக்கியமானது. வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியவர்கள் கடலில் தத்தளித்ததைப் பார்த்து, சபைத் தலைவராக இருந்த பெத்ரோ அருப்பே 1980-ல் ஆரம்பித்தது. தமிழ்நாட்டு முகாம்களில் மாலைப் பள்ளி, கம்ப்யூட்டர் வகுப்பு என்று நடத்துகிறார்கள். அகதிகளே தங்களுக்காக நடத்துகிற அமைப்பும் ஒன்று உண்டு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். 1984-ல் அதைத் தொடங்கியவர் எஸ்.சி. சந்திரஹாசன், தந்தை செல்வாவின் மகன். இவற்றைத் தவிர, பேர் பலகைகூட இல்லாமல் இந்த சிஸ்டர்கள் மாதிரிச் சிலர்.

"இவங்க பெரிசா என்னடா பண்ணிட்டாங்க?" என்றான் டோல்கேட், தன் ஜீன்ஸை மடித்தபடி.

"ஒண்ணும் பண்ணலை. தினம் அஞ்சு மணிக்கு வர்றாங்க. முப்பது வருஷமா. 2022 மார்ச்சில அங்கே விலைவாசி தாங்காம மறுபடி படகுல வந்தாங்க பாரு, அப்பவும் முதல்ல வந்து நின்னது இவங்கதான். வர்றேன்னா வர்றாங்க. முடியாதுன்னா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடறாங்க. இந்த ஜனங்களுக்கு அதுவே பெரிசு" என்றான் வாத்தியார்.

எனக்கு ஏனோ கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது.

*

ஒரு பேத்தியைக் கூட்டிப் போக வந்த பாட்டி, எங்களைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"மெட்ராஸில இருந்தோ? வெயிலுக்கை வந்திருக்கிறியள். தேத்தண்ணி குடிச்சனீங்களோ தம்பி?"

பேச்சுக் கொடுத்தோம். மன்னார்ப் பக்கம். 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது, ராத்திரியோடு ராத்திரியாகப் படகு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். நான் வீட்டிலிருந்து ஆபீஸ் போகிற தூரம்.

"ரெண்டு கிழமைக்கு எண்டுதான் வந்தனாங்கள். ஒரு பை மட்டும்தான் கொண்டு வந்தது. என்ட அண்ணன் வரேல்லை. 'நீங்கள் முதல்ல போங்கோ, நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புறன்' எண்டவர்."

"அப்புறம்?"

"இன்னும் சொல்லி அனுப்பேல்லை."

சாதாரணமாகத்தான் சொன்னார். பேத்தியின் பின்னலைச் சரிசெய்துவிட்டு எழுந்துகொண்டார். நாளைக்கு வருவாய்த்துறை அதிகாரி வந்து பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கிற நாளாம். குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். நின்றால்தான் மாத உதவித்தொகை. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று 2021-ல் உயர்த்தியிருக்கிறார்கள். வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போயிருக்கிற பேரன்கள்கூட அதற்காக பஸ் பிடித்து ஓடி வருவார்களாம்.

முப்பத்தைந்து வருஷமாக, 'இருக்கேன் ஐயா' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் அந்தப் பாட்டி. கைரேகை மெஷினைப் பற்றி அதற்கப்புறம் எங்களில் யாரும் பேசவில்லை.

*

"சார், நீங்க ஆள் எடுக்கிற வேலையாமே?" என்றார் சிஸ்டர். "எங்க பெரிய பிள்ளைங்க பத்துப் பேர் காலேஜ் முடிச்சிருக்காங்க. இன்டர்வியூன்னா எப்படிப் பேசறதுன்னு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்க. துணியைவிட அது பிரயோஜனம்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, மேடை கிடைத்தால் விடுவேனா? கை குலுக்குவது, நிமிர்ந்து உட்காருவது என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். பிறகு, "இப்போ நான் இன்டர்வியூ பண்றேன், யாராவது வாங்க" என்றேன்.

டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, தட்டைக் கீழே வைத்தான். இருபத்தேழு வயதிருக்கும். சட்டைக் கையில் காய்ந்த பெயின்ட்.

"சார், ஒரு மாறுதலுக்கு நான் இன்டர்வியூ பண்றேன். நீங்க வேலைக்கு வந்தவரா உட்காருங்க. நான் பதினோரு இன்டர்வியூ போயிருக்கேன், கேள்வியெல்லாம் மனப்பாடம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தேன்.

"வணக்கம், உட்காருங்க. அடடா, உட்கார்ந்துட்டீங்களா? நான் சொன்னப்புறம்தான் உட்காரணும். உங்களைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னேன். சொந்த ஊர், படிப்பு, அனுபவம்.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்கே இருப்பீங்க?" கேட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினான். "இது நமக்கு ஈஸியான கேள்வி. இங்கேயேதான்."

மறுபடி சிரிப்பு. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"பிறந்த ஊர்?"

"கும்பகோணம்."

"நான் மண்டபம் சார். இதே ஊர் ஆஸ்பத்திரி. 1998. ஆனா 1987-க்குள்ள பிறந்திருக்கணுமாம். பதினோரு வருஷம் லேட்டா வந்துட்டேன். உங்க ஆபீஸ்ல அஞ்சு நிமிஷம் லேட்டானாலே அரை நாள் போயிடும்னு வாத்தியார் சொன்னார்."

டோல்கேட் தலையைக் குனிந்துகொண்டான்.

"சர்ட்டிபிகேட் எல்லாம் நல்லா இருக்கு. மார்க்கும் நல்ல மார்க். அட்ரஸ்ல முகாம்னு போட்டிருக்கே... நாட்டுரிமைக் கட்டத்துல ஒண்ணும் எழுதலையே..." என்று ஒரு தாளைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைப் போட்டான்.

டக்.

தலையை லேசாகச் சாய்த்தான். "சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்."

அந்தச் சாய்வு என்னுடையது. அந்தக் குரல்கூட என்னுடையது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் காது அடைத்துப்போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் எதிரில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்த முகத்தை, இந்த மூன்று மணி நேரத்தில் நான் அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. என் கையில் டீ கொடுத்தபோதும்!

*

வெளியே வேப்ப மரத்தடியில் அவனைப் பிடித்தேன். "தம்பி, ஸாரி" என்று ஆரம்பித்தேன். மேலே ஓடவில்லை.

"ஐயோ, விளையாட்டுக்குத்தான் செஞ்சேன் சார். நீங்க மரியாதையாத்தான் பேசினீங்க. காபி கூடக் கொடுத்தீங்க. மத்த கம்பெனிங்கள்ல அது கூடக் கிடையாது" என்றான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணுதான் சார். 'இல்லை'ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்கன்னா, அந்த மாசமே பசங்களோட கோயம்புத்தூருக்குப் பெயின்டிங் வேலைக்குப் போயிருப்பேன். நீங்க கூப்பிடுவீங்கன்னு ரெண்டு மாசம் எங்கேயும் போகலை. அம்மா தினம் போனை சார்ஜ்ல போட்டு வைப்பாங்க."

நான் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால், 'ஏதாவது செய்யறேன்' என்று சொல்லியிருப்பேன். அதுவும் 'சொல்லி அனுப்புறோம்' வகையறாதான்.

ராத்திரி வாத்தியாரின் அறையில் பாய் விரித்துப் படுத்தோம். தூரத்தில் புதுப் பாம்பன் ரயில் பாலத்தின் விளக்குகள். 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிறதாம். பழைய பாலம் 1914-ல் கட்டியது. கூலிகளை ஏற்றிப் போனது அதுதான்.

"அவன் என்னைப் பத்தி உன்கிட்ட எதுவும் சொல்லலையாடா?" என்று இருட்டில் கேட்டேன்.

"சொன்னான். நல்ல மனுஷன், பாவம், வேலை ஜாஸ்தி போலிருக்குன்னு சொன்னான்."

அதற்கு அவன் நாலு அறை விட்டிருக்கலாம்.

*

சென்னை வந்ததும் முதல் வேலையாக டோல்கேட் கணக்கு கொடுத்தான். கடைசியில் 'ஜீன்ஸ் ஒன்று - சிஸ்டரால் நிராகரிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தான். அப்புறம், ஆறு வருஷப் பந்தயப் பணத்தை எங்களிடம் தராமல் சிஸ்டருக்கு மணியார்டர் பண்ணினான். அவன் கணக்கில் அதுவரை நான் பார்த்த மிகப் பெரிய செலவு அதுதான்.

நான் 'நிலுவை' டிரேயைக் கொட்டினேன். அந்த ஃபைல் அடியில் இருந்தது. மேலதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். நாட்டுரிமைக் கட்டத்தைப் பார்த்தார். "வக்கீல்கிட்டக் கேட்கணுமே... சொல்லி அனுப்பறேன்" என்றார்.

வழக்கமாக நான் எழுந்து வந்துவிடுவேன். அன்றைக்கு, "பரவாயில்லை சார், நீங்க போன் பண்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வக்கீலுக்கு போன் போட்டார். வக்கீல் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். முகாம் அடையாள அட்டை, ஆதார், வருவாய்த்துறையிலிருந்து ஒரு கடிதம், இவற்றோடு வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று எழுதினார். வேலை கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

இரவு பத்து மணிக்கு அந்தத் தம்பிக்கு, கேட்டிருக்கிற காகிதங்களைப் பற்றியும் என் தப்பைப் பற்றியும் விவரமாக எழுதினேன். 'வேலை உறுதி இல்லை. ஆனால் இந்தத் தடவை, ஆமாமோ இல்லையோ, அன்றைக்கே உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வர முடியுமா?'

செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. இருபது நிமிஷத்தில் பதில் வந்தது.

'நன்றி சார். இருபதாம் தேதி முகாமில் கணக்கெடுப்பு. நேரில் நிற்கணும். அன்றைக்கு ராத்திரி பஸ் பிடித்து, இருபத்தொண்ணாம் தேதி வரலாமா?'

பதினாலு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல், யோசிக்காமல், அடுத்த நொடியே பதில் போட்டேன்.

'வாங்க.'